அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிவிட்டோம்

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து எனக்கு நாள் தள்ளிப்போனது. "மூணாவது மாசம் வரைக்கும் யாராண்டயும் வாயத் தொறக்காத, கண்ணு பட்டுடும்" என்றார் மாமியார். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்களிடம்கூட நான் மூச்சு விடவில்லை. சிரித்தால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் அடிவயிற்றில் இடது பக்கம் மட்டும் சுருக் சுருக்கென்று குத்தியது. துணியில் கறை பட்டது. சூடு என்று மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். வலி நிற்கவில்லை. வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பவே இல்லை. "கரு கர்ப்பப்பைக்கு வரல, குழாய்லயே தங்கிடுச்சு. துடிப்பு இருக்கு, அதனால ஊசி போட்டுக் கரைக்கிறதும் சரிப்படாது. குழாய் வெடிச்சா உங்க உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும்" என்றார்.

எனக்குத் துடிப்பு என்பது மட்டும்தான் காதில் நின்றது. வீட்டுக்காரர் இரும்பு கம்பெனியில் ஃபிட்டர். எதையும் கழற்றி வேறு இடத்தில் மாட்டிவிடலாம் என்று நம்புகிற மனுஷன். "உசுரோடதான கீது மேடம்? அங்கேர்ந்து எடுத்து கர்ப்பப்பைல வச்சிட முடியாதா?" என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று நானும் டாக்டரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடியாதுங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டோம். எங்களால் ஆனது அவ்வளவுதான். குழாயோடு எடுத்துவிட்டார்கள்.

"அப்பெண்டிக்ஸ்னு சொல்லிடு. வெளிய தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்றார் மாமியார். யாருக்குமே தெரியாதபோது யார் கண் பட்டது என்று கேட்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. படுத்துக் கிடந்தவளுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை.

மறுபடி வேலைக்குப் போன அன்று எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்து சீட் அக்கா என் சாப்பாட்டுப் பையை வாங்கி வைத்துவிட்டு முதுகைத் தடவிக் கொடுத்தார். பாசமாகத்தான் சொன்னார்.

"அப்பெண்டிக்ஸ்தான? உடும்மா. அது உடம்புல சும்மா கெடக்குறது. எடுத்துப் போட்டா இன்னா இப்போ?"

"ஆமாக்கா" என்றேன்.