மூன்று முறை அணைந்த கற்பூரம்

கன்னியப்பன் ஏந்திய கற்பூரத்தை அணைத்தவன் நான். தெய்வக் குற்றமும் இல்லை, அவனுடைய ராசியும் இல்லை. நான்தான்!

1991 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தோசை, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர். பிறகு கிள்ளானுக்குப் பஸ். அங்கே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் பராமரிப்பு மேற்பார்வையாளன்.

அன்று எங்கள் புது இயந்திரத்துக்குப் பூசை. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் இயந்திரம்! எண்ணெய்த் தொட்டியின் மேல்வெளியை நைட்ரஜனால் நிரப்பி வைத்தால் எண்ணெய் கெடாது. அதுவரை நைட்ரஜன் சிலிண்டர்களில், லோரி ஏறி வந்தது. இனி சும்மா கிடக்கும் காற்றிலிருந்து நாங்களே... எண்ணிப் பாருங்கள்!

நீண்ட உருளைகளுக்குள் தலைமுடி போன்ற இழைகள். ஒவ்வோர் இழையும் உள்ளே துளையுடையது. அழுத்திய காற்றை ஒரு முனையில் செலுத்தினால், ஆக்சிஜன் இழையின் சுவரைக் கடந்து முந்திக்கொண்டு வெளியேறிவிடும். நைட்ரஜன் மறுமுனைக்கு வந்து சேரும். எத்தனை எளிது! நான் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

ஆனால் அதை இயக்கும் பொறுப்பு கன்னியப்பனுக்குக் கிடைத்தது. என்னைவிட இளையவன், கெட்டிக்காரன். மனைவிக்கு நிறைமாதம். எனக்குப் பொறாமையா? இருந்தது...

பூசைக்கு முன், காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சோதனைக்காக ஓடிக்கொண்டிருக்க, அறையில் யாரும் இல்லாதபோது, வாயுவைச் சோதித்துப் பார்க்கும் சிறு குழாயை இலேசாகத் திறந்து, எரியும் தீக்குச்சியை அதன் வாயில் பிடித்தேன். பொசுக்கென்று அணைந்தது! ஐம்பதை நெருங்கும் நான் குதித்தேன். வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூட இருமுறை சரிபார்த்து மூடுபவன், அந்தக் குதூகலத்தில் இதை மூட மறந்தேன்.

கன்னியப்பன் தேங்காய் உடைத்தான். கற்பூரம் ஏற்றி இயந்திரத்துக்குக் காட்டினான். இயந்திரத்துக்கு வைத்த சந்தனப் பொட்டு இருந்தது அந்தக் குழாய்க்கு நேர் கீழே. தட்டு அங்கே போனதும் சுடர் அணைந்தது. கம்ப்ரசர் இரைச்சலில் வாயு கசிவது யாருக்கும் கேட்கவில்லை.

“கற்பூரம் நமுத்துப்போச்சு லா! பாசார்ல மலிவா வாங்குனியா?” என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனியாண்டி. எல்லாரும் சிரித்தார்கள்.

மறுபடி ஏற்றினான். மறுபடி அணைந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது! கை நீட்டினால் குழாயை மூடியிருக்கலாம்.

நீட்டவில்லை. ஏன்? அந்த நொடியில் பொறாமைகூட இல்லை என்றால் நம்புவீர்களா? இன்னொரு முறை அணைவதைப் பார்க்க ஆசை... அவ்வளவுதான்!

மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை.

“பிள்ளைத்தாச்சி புருஷன் தேங்கா உடைக்கக்கூடாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியாடா?” என்றார் முனியாண்டி.

கன்னியப்பன் என்னை வெளியே அழைத்துப் போனான்.

“அண்ணே, எனக்கு இந்த மிஷின் வேணாம். பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. நீங்க கைராசிக்காரரு, நீங்களே பாத்துக்குங்க.”

“டேய், அது நைட்ரஜன்டா!” இதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வாக்கியம். நான் சொன்னது வேறு: “சரிப்பா, பாத்துக்கலாம்.”

அவன் ஆலையை விட்டு, டெங்கில் என்ற ஊருக்கு லோரி ஓட்டப் போனான். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அதுவரை அவன் எப்படித் தூங்கினான்? நான் கேட்கவில்லை. மகளின் முதல் பிறந்தநாளில் கற்பூரத் தட்டைத் தொடாமல் மனைவியிடம் தள்ளிவிட்டான். நான் பக்கத்தில் நின்று கேக் தின்றேன்... அன்றும் வாய் திறக்கவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

பூசைக்கு மறுநாள் காலை, என் கைக்கு வந்துவிட்ட அந்த இயந்திரத்தின் முன் நின்று முதல் வேலையாக என்ன செய்தேன், தெரியுமா? கம்ப்ரசரை முடுக்கினேன். சோதனைக் குழாயைத் திறந்தேன். ஒரு தீக்குச்சியைக் கிழித்து நீட்டினேன்.

அணைந்தது.

கைதட்டினேன்!