வெள்ளை மணி, நீல இலை

"1995 ஜூலை 11. மணி வெள்ளை. இலை நீலம்." ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயின் லேபிளில் என் கையெழுத்தில் இருக்கும் வரி இது. பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட்டில் நான் வாடகைக்கு வந்த வாரம், எதிர்வீட்டு மல்லிகா அக்கா வாழையிலையில் நீலநிறச் சோற்றுக்கட்டி கொண்டுவந்தார். கெட்டுப்போனது என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன். சங்குப்பூச் சாறாம். எங்கள் யாழ்ப்பாணத்தில் சாமித்தட்டோடு நின்றுவிடும் பூ, இங்கே பசாரில் விற்கும் சோற்றுக்குள் இருக்கிறது.

நான் வேலை செய்த பல்கலைக்கழக ஆய்வுகூடத்து நீலம் வேறு. தண்டைத் துளைக்கும் புழுவைக் கொல்லும் புரதத்தை நெல்லே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வேலை. அதற்கான மரபணுவுக்கு முன்னால் புரமோட்டர் என்ற துண்டை இணைப்போம். செடியின் எந்த உறுப்பில், எவ்வளவுக்கு அந்த மரபணு இயங்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். முதலில் புழுக்கொல்லிக்குப் பதிலாக, கரைசலில் ஊறினால் நீலம் காட்டும் வேறொரு மரபணுவை வைத்துச் சோதிப்போம். நீலம் தெரிகிற இடமெல்லாம் பிறகு புழுக்கொல்லி இருக்கப்போகிற இடம்.

ஆய்வுத் தலைவர் டாக்டர் கனகேந்திரன் பினாங்கில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாவாகக் கப்பலேறி வந்தவரின் பேரன். காலிஃபிளவர் வைரஸின் புரமோட்டரை நாங்கள் ஏற்கெனவே கைவிட்டிருந்தோம்; புகையிலையில் ஓங்கி வேலை செய்யும் அது நெல்லில் சோம்பிப்போனது. அடுத்து அவர் கேட்டது மக்காச்சோளத்தின் புரமோட்டர். வேர், இலை, மணி எல்லாமே கருநீலமாகும். அறிக்கையில் படம் எடுப்பாக இருக்கும். நான் கேட்டது நெல்லின் சொந்தப் புரமோட்டர், பச்சையான பாகங்களில் மட்டும் இயங்குவது. புழு துளைப்பது தண்டைத்தானே. சோறாகப்போகிற மணிக்குள் அந்தப் புரதத்துக்கு என்ன வேலை?

"நெறம் கம்மியா வருது. இத யாருக்குக் காட்டுறது?" என்றார்.

"புழுவுக்குக் காட்டினால் போதும், டொக்டர்."

அவர் சிரிக்கவில்லை. "உங்க வேலை பெர்மிட் ஆகஸ்ட்ல முடியுது. என் சைன் வேணும். எங்க தாத்தா வாயத் தொறக்காமத்தான் இந்த ஊருல வீடு வாங்குனாரு, தம்பி."

"எனக்கொரு வீடு இருந்தது, டொக்டர். அங்கையும் வாயை மூடத்தான் சொன்னவை."

அன்று மாலை என்னிடமிருந்த நீல நெல் படங்களைப் பார்த்த மல்லிகா அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னா தம்பி, யுனிவர்சிட்டிக்குப் போயி குயே பலகாரம் செய்றீங்களா? அதுக்குப் பூ போதும் லா."

"இது தின்னுற நீலம் இல்லை, அக்கா. சோத்துக்குள்ள வரக்கூடாதெண்டுதான் சண்டை."

"சண்டையா? பேசாம பாஸ் கேட்டத செஞ்சிட்டுப் போங்க லா. பெர்மிட் போனா எங்க போவீங்க?"

ஆனாலும் மறுநாள் என் நெல்லைத்தான் வெட்டினேன். என் புரமோட்டர் ஏறிய செடியின் முதல் மணிகள் அவை. ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, மாவுப் பாதியைக் கரைசலில் போட்டேன். முளை இருந்த பாதியை ஊட்டக்கூழில் நட்டேன். மாவுப் பாதி வெள்ளையாக நின்றால் மட்டும் போதாது. அந்த மணிக்கு மரபணு வந்தே சேரவில்லை என்றாலும் அது வெள்ளையாகத்தான் இருக்கும். ஆகவே வெள்ளையாக நின்ற ஒரு மணியின் மறுபாதி முளைக்கும்வரை காத்திருந்து, இலை நுனியைக் கிள்ளி ஊறவைத்தேன். நீலம். மரபணு இருக்கிறது, இலையில் இயங்குகிறது, மணிக்குள் இயங்கவில்லை. அன்று ஒட்டியதுதான் அந்த லேபிள்.

குழாயை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். "நல்ல வேலை," என்றார். "ஆனா மக்காச்சோளப் புரமோட்டர வச்சு ரிப்போர்ட் போயாச்சு. மாத்த முடியாது. அதுதான் சரின்னு நீங்களும் கையெழுத்துப் போட்டுருங்க. பெர்மிட்டுல நான் போடுறேன்."

நான் போடவில்லை. அவரும் போடவில்லை.

பெர்மிட் முடியுமுன் செபராங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரி வேலை கொடுத்து, புதிய பெர்மிட்டும் எடுத்துத் தந்தது. இப்போது தினமும் ஃபெர்ரியில் கடலைக் கடந்துபோய்ப் பாடம் நடத்திவிட்டுத் தீவுக்குத் திரும்புகிறேன். எந்த ஊர் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால், இரண்டு ஊரையும் சத்தமாகவே சொல்கிறேன். அந்தக் கையெழுத்தை இன்று கேட்டாலும் போடமாட்டேன்.

கரைசலுக்குள் போன பாதி இனி முளைக்காது; அதுதான் குழாயில் என்னோடு வந்திருக்கிறது. முளைத்த பாதி பழைய ஆய்வுகூடத்தின் கண்ணாடிக் கூடத்தில் நின்றுவிட்டது. அதைப் பெரிய தொட்டிக்கு மாற்றியதாகவும், கதிர் விட்டதாகவும் அங்கே வேலை செய்யும் ஒருவர் ஃபெர்ரியில் சொன்னார். அந்தக் கதிரின் மணிகளும் உள்ளே வெள்ளைதானா என்று கேட்டேன். யாரும் வெட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை என்றார். நானும் பார்க்கவில்லை. உறுதிசெய்யப்படாத செய்தி என்றே இதை இங்கே எழுதிவைக்கிறேன்.