மரவள்ளிக்கு முன்னால் ஐந்து முகங்கள்

ஐந்து முகங்களும் துல்லியமாக விழ வேண்டும். மரவள்ளி மட்டும் தெரியக் கூடாது. போன மாதம் டத்தோ கிராமாட் ரோட்டில் எனக்கு இடப்பட்ட கட்டளை இதுதான்.

இட்டவர் அடுத்த வீட்டுச் சின்னத்துரையரின் மனைவி. இளைய மகள் செல்வமணிக்குத் தைப்பிங்கில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் குடும்பப் படம் கேட்டிருந்தார்கள். என்னிடம் ஒரு கேமரா உண்டு. மிஞ்சியிருந்த ஃபோட்டோ பிளேட்... ஒன்றே ஒன்று.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. வெளியே, யுத்தத்தில் அரிசி கிடைக்காமல் போனதிலிருந்து, ரோஜா நின்ற இடமெல்லாம் மரவள்ளி. பின்னால் துணி கட்டலாமென்றால், படுக்கை விரிப்புகள் எல்லாம் எப்போதோ சட்டையாகிவிட்டன.

“தைப்பிங்கிலையும் இதைத்தானே அம்மா தின்னீனம்?” என்றாள் செல்வமணி.

“தின்னலாம். படத்திலை தெரியக் கூடாது.”

வழி இருக்கிறது. லென்ஸை நன்றாகத் திறந்துவிட்டால் பின்னால் இருப்பது புகைபோலக் கலைந்துவிடும். ஆனால் அந்தத் திறப்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு – ஒரே தூரத்தில் இருக்கும் முகங்களை மட்டும்தான் தெளிவாக எடுக்கும். ஒருவர் ஓரடி முன்னால் வந்தாலும், மரவள்ளிக்கு நேர்ந்த கதி அவருக்கும் நேரும்.

ஆகவே தரையில் ஒரு மூங்கிலைப் போட்டேன். சின்னத்துரையரின் மனைவி, மூத்த மகள், மூத்த மருமகன், செல்வமணி – எல்லாரும் அதன் மேல் வரிசையாக நின்றார்கள். சின்னத்துரையர் மட்டும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்.

அவர் முப்பது வருஷம் தலைமைக் கிளார்க். எத்தனையோ அலுவலகக் குரூப் படங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்.

“மருமோனோடை ஒரே வரிசையிலையோ நான்?” என்றார். “வீட்டுக்கு ஆர் பெரியவர் எண்டு தைப்பிங் ஆக்களுக்கு எப்பிடித் தெரியும்?”

இதற்கு எந்த லென்ஸில் பதில் இருக்கிறது, சொல்லுங்கள்? யோசித்துவிட்டு, “ஐயா, கதிரையை வரிசையிலேயே போட்டுச் சாய்ஞ்சிருங்கோ. அப்ப உங்கடை சப்பாத்துத்தான் எல்லாருக்கும் முன்னாலை நிக்கும்” என்றேன்.

அப்படியே போட்டு உட்கார்ந்து, குனிந்து பார்த்தார். உண்மைதான். காலில் பளபளக்கும் இரண்டு சப்பாத்துகளும் மூங்கிலைத் தாண்டி ஒன்றரை அடி முன்னால் இருந்தன. சம்மதித்தார்.

ஆனால் கழுத்து சம்மதிக்கவில்லையே. நான் ஃபோகஸ் பார்க்கும்போதெல்லாம் அது ஆமைபோல முன்னே வந்தது. கடைசியில் அவர் மனைவி பக்கத்தில் நின்றபடியே தோளில் கோட்டைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். படத்தில் பார்த்தால் அது பாசமான கை.

படம் நன்றாக வந்தது. ஐந்து முகங்களும் தெளிவு. மரவள்ளி வெறும் மூட்டம். சப்பாத்துகள் மட்டும்... இரண்டு கருப்பட்டிக் கட்டிகள். எந்தப் படத்தில் தன் சப்பாத்து இப்படி இருந்தது என்று கேட்டவர், என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

போன வாரம் தைப்பிங்கிலிருந்து சம்மதமும் அவர்கள் குடும்பப் படமும் வந்தன. முகங்கள் எல்லாம் கண்ணாடிபோல. பின்னால் ஒரே மூட்டம். செல்வமணியின் அம்மா ஒரு பார்வை பார்த்து, “மரவள்ளி” என்றார்.

நடுவில், நாற்காலியில் சாய்ந்து ஒரு பெரியவர். அவர் சப்பாத்துகளும் கலங்கலாகத்தான் இருந்தன. சின்னத்துரையர் அவற்றையே வெகுநேரம் பார்த்தார்.

“நல்ல ஆக்கள்” என்றார்.

நாளும் வைத்தாகிவிட்டது. கலியாணப் படமும் நான்தான் எடுக்க வேண்டுமாம். பிளேட்டுக்குக்கூட எங்காவது வழி பிறக்கும்... இரண்டு சம்பந்திமாரின் நாற்காலிகளை எப்படிப் போடுவது?