படிக்கட்டில் கண்டித்தவர்

மைசூரில் ஒரு மாடியறையில் ஞாயிறுதோறும் சிலர் கூடி, சம்பளமில்லாமல் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவார்கள். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் அங்கே டீ கொண்டுபோவேன்.

யாரையும் இழிவாகப் பேசக் கூடாது என்பது அவர்கள் விதி. அதைக் காத்தவர், சட்டை தோளில் தொங்கும் அளவுக்கு ஒல்லி. தப்பு செய்தவரை மற்றவர் முன் அல்ல, தனியாகப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டுத்தான் கண்டிப்பார்.

புதிதாக வந்த பெண்ணை ஒரு கெட்டிக்காரன் கேலி பேசி அழவைத்தான்.

அவர் அவனைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டு, "இனிமே வராதீங்க," என்றார்.

"நான் இல்லாம எல்லாம் நின்னுடும் ஸ்வாமி."

"நிக்கட்டும்."

"நீங்க கீழ இறங்கித்தானே ஆகணும்?" என்று சிரித்தான்.

அடுத்த ஞாயிறு கீழ்வாசலில் அவனும் நாலு பேரும் நின்றார்கள். மேலே போய் அவரிடம் சொன்னேன். "பின்பக்கமா போயிடுங்க சார்."

"அந்தப் பொண்ணு வர்ற நேரம்ப்பா. அதுக்கு இந்த வாசல்தான் தெரியும்."

கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். அது இல்லாமல், எதிரில் நின்றவன் முகம் அவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.