தீபத்தன்று வசூலான வாடகை

செங்கம் ரோட்டில் முதன்முதலாக நான்கு மாடி எழும்பிய கட்டிடத்துக்கு வாடகை வசூல்காரர் பீர் முகம்மது. கட்டிடத்துச் சொந்தக்காரருக்கு வேலூரில் தோல் வியாபாரம். படிக்கட்டுக்கு அடியிலிருந்த அறையில் பீர் முகம்மதும் அவர் மனைவி பீபி ஜானும் வாடகையில்லாமல் குடியிருந்தார்கள். வசூல் நின்றால் அந்த அறையும் போய்விடும்.

பாக்கி வாங்குவதில் அவருக்கு ஒரு வழி உண்டு. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். வீட்டு ஆட்களின் செருப்பு மட்டும் கிடந்தால் சலாம் சொல்லிவிட்டு நடந்துவிடுவார். விருந்தாளிகளின் செருப்பு குவிந்து கிடந்தால்தான் கதவைத் தட்டுவார். நாலு பேர் முன்னால் கேட்டால் எங்கே புரட்டியாவது கொடுத்துவிடுவார்கள். அதட்டல் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. அதனால் அதைப் பெரிய பாவமாக அவர் நினைத்ததும் கிடையாது.

எண்பத்திரண்டாம் வருஷம் மூன்றாம் மாடி பலராமன் இரண்டு மாத வாடகை நிறுத்திவிட்டான். அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிறவன். அங்கே சம்பளம் இழுத்தடித்தார்கள். வேலூர்க்காரர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் அந்தப் பாக்கி வரலைன்னா பாய் ரூமைக் காலி பண்ணட்டும்."

கார்த்திகை தீபத்தன்று காலையில் பீர் முகம்மது மாடி ஏறினார். பலராமன் வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பு. தட்டினார்.

உள்ளே பலராமனின் அக்கா ஜோதியம்மாள் புதுப் பாயில் உட்கார்ந்திருந்தாள். கீழ்பென்னாத்தூரில் வாக்கப்பட்டவள், தாய் தகப்பன் போன பிறகு பலராமனைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். பக்கத்தில் அவள் புருஷன் வேடியப்பன், அவன் தம்பிமார், ஓரகத்திகள். கார்த்திகைக்குத் தம்பி அக்காவுக்குச் சீர் வைக்கும் நேரம். தட்டில் சேலை, தேங்காய், வெற்றிலை, மேலே இரண்டு நூறு ரூபாய் நோட்டு. அச்சாபீஸில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய முன்பணம் அது.

அந்தத் தட்டைப் பார்த்ததுமே பீர் முகம்மது திரும்பியிருக்கலாம். படிக்கட்டடி அறை கண்ணில் வந்து நின்றது.

"இன்னா பலராமா, ரெண்டு மாசம் ஆச்சே?"

பலராமன் கையில் தட்டோடு அப்படியே நின்றான். அவன் மனைவி கஸ்தூரி சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

வேடியப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "சீர் வாங்க வந்தோமா, வாடகை கட்ட வந்தோமாடி? நல்ல பொறந்த வூடு உனக்கு!"

ஜோதியம்மாள் எழுந்து வந்து தட்டிலிருந்த இரண்டு நோட்டையும் எடுத்துப் பீர் முகம்மது கையில் வைத்தாள்.

"போதுமா பாய்?"

"போதும்மா."

வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பீபி ஜானிடம் சொன்னபோது அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டாள். "பெருநாளுக்கு உங்க தங்கச்சிக்கு நீங்க குடுக்கறதை எவனாவது கையிலேர்ந்து புடுங்கினு போனா, சும்மா இருப்பீங்களா?"

"நான் புடுங்கலடி. அந்தம்மாவேதான் குடுத்துச்சு."

"குடுக்க வெச்சது யாரு?"

அதற்குப் பிறகு ஜோதியம்மாள் தம்பி வீட்டுப் படி மிதிக்கவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை, கஸ்தூரிக்குப் பிள்ளை பிறந்ததற்கும் வரவில்லை. பலராமன் மாதம் பிறந்ததும் முதல் ஆளாக வாடகையைக் கொண்டுவந்து கொடுத்தான். முகத்தை மட்டும் பார்க்கமாட்டான். அந்தப் பணத்தை வாங்கும்போதெல்லாம் பீர் முகம்மதுவுக்குக் கை கூசியது.

மறு வருஷம் தீபத்தன்று காலையில் அவர் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினார். ஜோதியம்மாள் களத்தில் வேர்க்கடலை காயவைத்துக் கொண்டிருந்தாள்.

"நான் செஞ்சது தப்பும்மா. இனிமே அந்தக் கதவாண்ட வரமாட்டேன். நீங்க தம்பி வூட்டுக்கு வாங்க."

"உங்க மேல கோவத்துலயா வராம இருக்கேன்?" அவள் கடலையைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "அவன் கஷ்டம் அன்னிக்குத்தான் பாய் எனக்குத் தெரிஞ்சுது. நான் போனா கடன் வாங்கியாவது தட்டு வெப்பான். போகலைன்னா அந்தக் காசாவது அவனுக்கு மிஞ்சும் இல்ல?"

"அது தெரியாம அவன் உருகறாம்மா."

"தெரிஞ்சா இன்னும் உருகுவான். சொல்லிடாதீங்க." ஒரு பை நிறையக் கடலையைக் கட்டிக் கொடுத்தாள்.

அவர் ஊர் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கட்டிடத்து ஜனமெல்லாம் தீபம் பார்க்க மொட்டைமாடிக்குப் போயிருந்தது. பலராமன் வாசலில் இரண்டே ஜோடி செருப்பு. ஆயுசில் முதல்முறையாக, விருந்தாளி இல்லாத வீட்டுக் கதவை அவர் தட்டினார்.

கதவைத் திறந்த பலராமன் பதறிப் போனான். "பாய், இந்த மாசம் குடுத்துட்டேனே!"

"வாடகை இல்லப்பா. உங்க அக்கா குடுத்தாங்க."

பலராமன் பையைத் தொடவில்லை. அவர் தோளுக்கு மேலாகப் படிக்கட்டைப் பார்த்தான்.

"அக்கா கீழ நிக்கறாங்களா?"

மலையில் தீபம் ஏறிவிட்டது போலிருக்கிறது. மொட்டைமாடியில் அரோகரா என்று ஒரே கூச்சல். இல்லை என்று சொல்லப் பீர் முகம்மதுவுக்கு நாக்கு எழவில்லை. அதற்குள் பலராமன் செருப்புக்கூடப் போடாமல் படியில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தான்.