நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரி

போன வாரம் எர்ணாகுளத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் புகார் விசாரணைக்குப் போயிருந்தேன். புகார் பக்கத்து வீட்டுக் கமலத்துடையது. நான் சாட்சி. ஏனென்றால், அன்று காரை ஓட்டியது நான்தான்!

கமலத்தின் கணவர் மணிக்குக் களமசேரியில் ஃபேக்டரி வேலை. மட்டாஞ்சேரிக்கு வந்து மூன்று தலைமுறை ஆன தமிழ்க் குடும்பம். கமலம் வீட்டில் துணி தைக்கிறாள். மணிக்குக் கம்பெனி மெடிக்ளெய்ம் உண்டு. பாலிசியோடு ஒரு லிஸ்ட் — அதில் உள்ள ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தால் பில்லை அவர்களே கட்டிவிடுவார்கள். வெளியே போனால்... உங்கள் பாடு.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் மாருதியின் பின்சீட்டில் ஏற்றினோம். கமலமும் ஏறிக்கொண்டாள். அவர் சட்டையெல்லாம் வியர்வை.

"சேச்சி, இடப்பள்ளிக்கு விடுங்க" என்றார் மணி. லிஸ்டில் இருந்த ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. பாலம் தாண்டி, எர்ணாகுளத்தையே கடந்து போகவேண்டும்.

"வேண்டாம் சேச்சி, பக்கத்துல தோப்பும்படி ஆஸ்பத்திரி போதும்" என்றாள் கமலம்.

"அங்க உள்ளது லிஸ்ட்ல இல்லடி..."

"லிஸ்ட் கெடக்கட்டே! நீங்க மிண்டாம இருங்க" என்று அவர் வாயை அடைத்தாள்.

புருஷன் ஒரு பக்கம் சொல்கிறார், பெண்டாட்டி இன்னொரு பக்கம். நீங்களாக இருந்தால் எங்கே திருப்புவீர்கள்? கண்ணாடியில் கமலத்தின் முகத்தைப் பார்த்தேன். தோப்பும்படிக்கே விட்டேன்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மணி பிழைத்தார். க்ளெய்ம் பிழைக்கவில்லை! 'நெட்வொர்க்குக்கு வெளியே சிகிச்சை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சேமிப்பெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போயிற்று. பிறகுதான் இந்தப் புகார்.

விசாரணையில் அதிகாரி மணியிடம் மலையாளத்தில் கேட்டார்: "உங்களுக்கு நினைவு இருந்ததல்லவா? ஏன் லிஸ்டில் உள்ள இடத்துக்குப் போகவில்லை?"

"நான் அங்கேதான் போகச் சொன்னேன் சார். இவள் சம்மதிக்கவில்லை" என்றார் மணி.

போச்சு, மனுஷன் கேஸைக் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்த வலியிலும் ஏன் அவ்வளவு தூரம் போகச் சொன்னீர்கள்?"

மணி தலையைக் குனிந்துகொண்டார். "நான் போய்விட்டால், இவள் தலையில் கடன் விழக்கூடாது என்று..."

கமலம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இதை அவள் இப்போதுதான் கேட்கிறாள். இருக்கும் இடத்தை மறந்து தமிழில் வெடித்துவிட்டாள்.

"கடன நான் தச்சு அடைச்சுருவேன். ஆளத் தச்சு எடுக்க ஒக்குமா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். மலையாளத்தில் எடுத்துச் சொன்னேன்.

அவசர சிகிச்சை என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். லிஸ்டில் உள்ள ஆஸ்பத்திரி இதே சிகிச்சைக்கு என்ன வாங்குமோ, அதை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்கவேண்டும். மீதி இவர்கள் பொறுப்பு. நியாயம்தான். கட்டுப்பாடே இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிகள் இஷ்டத்துக்கு பில் போடும் — அது எனக்கும் தெரியும். ஆனால் நெஞ்சுவலிக்கு லிஸ்ட் தெரியுமா? அவசரமென்றால் வெளியே போனாலும் லிஸ்ட் விலை கிடைக்கும் என்ற ஒரு வரியை பாலிசியில் முதலிலேயே தெளிவாக எழுதிவைத்தால், இந்த இரண்டு பேரும் இத்தனை தூரம் அலைந்திருக்க வேண்டாமே!

படகில் திரும்பினோம். கமலத்தின் தோளில் சாய்ந்து மணி தூங்கிப்போனார். மட்டாஞ்சேரி படகுத்துறையில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நானும் எழுந்தேன்.

"ஒரு நிமிஷம் சேச்சி... உறங்கட்டே" என்றாள் கமலம்.

புறப்பட நேரமாகியும் படகுக்காரர் பெல் அடிக்கவில்லை. அவர் வீட்டிலும் ஒரு கமலம் இருக்கக்கூடும்!