பச்சை வெளிச்சத்துக் கோழிகள்

வடமதுரை பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது. குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும், வளர்ப்பது நாங்கள். நாங்கள் என்றால் நான்தான். கணவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார்.

போன வருடம் கம்பெனி சூப்பர்வைசர் தம்பி பச்சை பல்புகளோடு வந்தார். கொட்டகையை நடுவில் தடுத்து, சுற்றிலும் கறுப்புப் படுதா கட்டினார். ஒரு பாதிக்குப் பச்சை வெளிச்சம், மறுபாதிக்குப் பழைய வெள்ளை.

"பச்சையில சீக்கிரம் சதை பிடிக்குமாம்க்கா. பார்ப்போம்."

பிடிக்கத்தான் செய்தது. மூன்றாம் வாரம் எடை போட்டபோது பச்சைப் பக்கத்துக் கோழிகள் கையில் கனத்தன, தொடை திரண்டிருந்தது. வெள்ளைப் பக்கத்தவை ஓடின, ஒன்றையொன்று கொத்தின. பச்சைப் பக்கத்தவை தின்றன, உட்கார்ந்தன, மறுபடி தின்றன. எனக்குத்தான் மூச்சு முட்டியது. படுதாவுக்கு அந்தப் பக்கம் வெயிலா மழையா என்று தெரியாது. வெளியே வந்தால் வெள்ளைச் சுவர்கூடச் சற்று நேரம் ரோஸ் நிறமாகத் தெரியும்.

அந்த வாரம் அம்மா ஊரில் மாதா கோயில் திருவிழா. கணவரும் லாரிக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். "ஒரே நாளுங்க, போயிட்டு வந்துர்றேன்" என்றேன்.

"போயிட்டு வா. தீவனம் போட எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார் கணவர்.

சாயங்காலம் தேர் கிளம்பும் முன்பே போன் வந்துவிட்டது. பச்சை வெளிச்சத்தில் கண் சரியாகத் தெரியவில்லை என்று அவர் அந்தப் பக்கத்துப் பழைய வெள்ளை விளக்கைப் போட்டிருக்கிறார். மிரண்ட கோழிகள் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏற, அடியில் இருந்தவை மூச்சடைத்துச் செத்துவிட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"லைட்டைத்தான் போட்டேன். வேற ஒண்ணும் பண்ணலை" என்றார். நான் இன்னொரு மண்வெட்டியை எடுத்துவந்தேன்.

மறுநாள் சூப்பர்வைசர் தம்பி வந்து பார்த்தார். "உங்க காலடிக்குத்தான்க்கா இதுக பழகியிருக்கு. அடுத்த தடவை முழுசுமே பச்சைதான். நீங்க மட்டும் எங்கேயும் போயிராதீங்க." பாராட்டாகத்தான் சொன்னார்.

அடுத்த மாதம் அம்மாவே என்னைப் பார்க்க வந்தாள். நோய் பரவும் என்று வெளியாட்களைப் பண்ணைக்குள் விடக்கூடாது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"சாப்டியா? ஏன்டி இம்புட்டு வெளுத்துட்ட?"

பதில் சொல்வதற்குள் உள்ளே கோழிகள் சத்தம் போட்டன. "இரும்மா, தீவனத்தைப் போட்டுட்டு வாரேன்" என்று படுதாவை விலக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது குழம்புத் தூக்குவாளி வேலியில் தொங்கியது. அம்மா நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருந்தாள்.